சீருடையில் வண்ணக் கறை: படிந்த இடத்தைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

ஓவிய வகுப்பு முடிந்து வீடு திரும்பும் குழந்தையின் வெள்ளைச் சட்டையில் நீலமும் சிவப்பும் படிந்திருப்பதைக் கண்டதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது சோப்பைத்தான். சட்டையை நனைப்பதற்கு முன் அதைக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டு, கறை எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்குமாறு நான் பெற்றோரையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்வது வழக்கம். வயிற்றுப் பகுதியில் குறுக்குக் கோடாகப் படிந்த கறைக்கு ஒரு காரணமும், தோளில் இரட்டைப் புள்ளியாக விழுந்த கறைக்கு வேறொரு காரணமும் உண்டு. துவைத்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே கறை திரும்ப வரும்.

கீழே உள்ளவை எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் சத்துணவுத் திட்டத்தில் உள்ள எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 இணைச் சீருடைகள் விலையின்றி வழங்கப்படுகின்றன. அந்த நான்கில் ஒரு சட்டை பாழானால் ஓராண்டுக்கான உடையில் கால் பங்கு போய்விட்டது என்று பொருள். ஆகவே இதை வெறும் துவைக்கும் சிரமமாகக் கருத முடியாது.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சீருடைக்கு மேல் முழுமையாக அணியும் அங்கியை மேலங்கி என்கிறேன். கடையில் ஏப்ரன் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் மார்பையும் வயிற்றையும் மட்டும் மறைக்கும் பிளாஸ்டிக் துண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பது போகப் போக விளங்கும்.

அறிகுறி: ஏப்ரன் அணிந்திருந்தும் பாவாடையின் மடியிலும் கால்சட்டையின் தொடையிலும் கறை

இதுவே அதிகம் காணப்படுவது. பிளாஸ்டிக் தண்ணீரை உறிஞ்சாது என்பதே அதன் சிறப்பு, அதுவே அதன் குறையும்கூட. சிந்திய வண்ண நீர் ஏப்ரனின் மேல் வழுக்கி ஓடி, அதன் கீழ் விளிம்பில் திரண்டு, சரியாக மடியில் சொட்டுகிறது. குழந்தை நின்றுகொண்டு வரைந்தால் அது தரையில் விழும். உட்கார்ந்து வரைந்தால் உடையில் விழும். கறை மேலிருந்து கீழாக நீண்ட துளிகளாக இருந்தால் இதுதான் காரணம் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

மாற்று வழி வீட்டிலேயே இருக்கிறது. பெரியவர் ஒருவரின் பழைய அரைக்கைப் பருத்திச் சட்டை ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய முழுக்கைச் சட்டையாகவும் முழங்கால் வரை நீண்ட அங்கியாகவும் ஆகிவிடும். அதைப் பொத்தான்கள் முதுகுப் பக்கம் வருமாறு திருப்பி அணிவிக்க வேண்டும். முன்பக்கம் பொத்தான் பட்டி இருந்தால் அதன் இடைவெளிகள் வழியே வண்ணம் உள்ளே புகும். காலரை வெட்டி எடுத்துவிட்டு, கையின் ஓரத்தை மடித்து எலாஸ்டிக் கோத்துத் தைத்தால் போதும். கழுத்தில் நாடா வைத்து முடிச்சிடும் வகையைத் தவிர்க்க வேண்டும். ஓடியாடும் குழந்தையின் கழுத்தில் இறுகக்கூடிய எதுவும் ஆபத்தானது. முதுகில் மேலே இரண்டு பொத்தான்களோ ஒட்டுப்பட்டையோ இருந்தால், பக்கத்துக் குழந்தையே மாட்டிவிடும்.

பருத்திக்கும் ஒரு குறை உண்டு: நன்றாக நனைந்தால் அது ஈரத்தை உள்ளே இருக்கும் சீருடைக்குக் கடத்திவிடும். நீர்த்த வாட்டர் கலரும் கைவிரல் ஓவியமும் இருக்கும் நாள்களுக்கென்று, அரிசி வந்த பிளாஸ்டிக் நெசவுப் பையைக் கழுவிக் காயவைத்து, அதிலிருந்து மார்பு முதல் மடி வரை மறைக்கும் ஒரு துண்டை வெட்டி மேலங்கியின் உட்புறத்தில் தைத்துவிடுவது நல்லது. வெளிப் பருத்தி நீரை உறிஞ்சி ஓடவிடாமல் நிறுத்தும். உள்ளே இருக்கும் பை அந்த ஈரம் சட்டையைத் தொடாமல் தடுக்கும். வரிசை மாறி, பை வெளியிலும் துணி உள்ளேயும் இருந்தால் பழைய கதைதான். வெட்டிய பையின் ஓரம் பிரிந்து தோலில் உறுத்தும் என்பதால் ஓரத்தை மடித்துத் தைக்க மறக்கக் கூடாது.

அறிகுறி: மார்புக்குக் கீழே குறுக்காக ஒரே நேர்க்கோட்டில் தேய்ந்த கறை

இது மேசையின் விளிம்பு வரைந்த கோடு. குழந்தை அமர்ந்து முழங்கையை மடக்கும்போது முழங்கை நிற்கும் உயரத்தில் மேசையின் பரப்பு இருக்க வேண்டும். மேசை அதைவிட உயரமாக இருந்தால் குழந்தை எட்டிப் பார்க்க உடலை விளிம்போடு அழுத்தும். அங்கே சிந்தியிருக்கும் வண்ணம் அச்சாகச் சட்டையில் பதியும். பெரிய வகுப்புகளின் பெஞ்சைச் சின்னக் குழந்தைகளுக்கு ஓவிய நேரத்தில் இரவல் வாங்கும் இடங்களில் இந்தக் கோட்டைத் தவறாமல் காணலாம். உயரத்தை மாற்ற முடியாவிட்டால் நிற்கவைத்து வரையச் சொல்வதோ, பாய் விரித்துத் தரையில் தாழ்வான பலகையின் முன் அமர்த்துவதோ மேல்.

மேசையின் மேல் செய்தித்தாள் விரிக்கும் வழக்கம் பற்றி ஒரு சொல். உலர்ந்த வேலைக்கு அது போதும். ஈரம் பட்டவுடன் அதன் அச்சு மையே வெள்ளைச் சட்டையின் கையில் சாம்பல் நிறமாக ஏறும். மேலும் தாள் நழுவும், கிண்ணத்தையும் இழுத்துக்கொண்டு நழுவும். பழைய ரெக்சினோ, பிரித்து விரித்த அரிசிப் பையோ, நான்கு மூலையிலும் கிளிப் மாட்டி விரிப்பதே என் தேர்வு.

அறிகுறி: முழங்கையிலும் கையின் அடிப்பகுதியிலும் கறை

குழந்தை தனக்கு எட்டாத ஒன்றை எடுக்க, ஈரமான தாளின் மேல் கையை ஊன்றியிருக்கிறது. பெரும்பாலும் அது நடுவில் வைத்த பொதுத் தண்ணீர்க் குவளையாக இருக்கும். ஆறு பேருக்கு ஒரு குவளை என்பதை இரண்டு பேருக்கு ஒன்று என்று மாற்றி, வரையும் கையின் பக்கமாக வைத்தாலே இந்தக் கறை பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரே ஒரு குழந்தைக்கும் அதன் வலப்புறம் அமரும் குழந்தைக்கும் மட்டும் மாறி மாறி இது நேர்ந்தால், இருவரில் ஒருவர் இடக்கைப் பழக்கமுள்ளவரா என்று பாருங்கள். வலக்கைக்காரரின் வலப்புறத்தில் இடக்கைக்காரர் அமர்ந்தால் இருவர் முழங்கைகளும் ஓயாமல் மோதும். இடக்கைக் குழந்தையைப் பெஞ்சின் இடது ஓரத்தில் அமர்த்துவதே தீர்வு.

அறிகுறி: ஒரே இடத்தில் பெரிய ஈரத் திட்டு, வெளிறிய நிறம்

குவளை கவிழ்ந்திருக்கிறது. அகன்ற அடியும் கனமும் உள்ள பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். தூரிகையின் முடி நனைவதற்கு அதற்கு மேல் தேவையே இல்லை. கொட்டாங்குச்சியில் வண்ணம் கரைப்பது அழகான பழக்கம், ஆனால் அதன் அடி உருண்டை. பழந்துணியை முறுக்கிச் சும்மாடு போலச் சுருட்டி அதன் மேல் வைத்தால் ஆடாது. பிளாஸ்டிக் குவளைகளையும் இதே சும்மாட்டில் அமர்த்தலாம்.

அறிகுறி: இரு தோள்களின் முன்பக்கமும் இணையாக இரண்டு தீற்றல்கள்

பையன்களின் சட்டையில் இது வராது. இரட்டைச் சடை போட்ட குழந்தை குனியும்போது சடை நுனிகள் வண்ணத் தட்டில் தோய்ந்து, நிமிரும்போது தோளில் தீற்றுகின்றன. சடையை மடித்து ரிப்பனால் கட்டிய குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்களுக்குத் தொடங்கும் முன் இரு நுனிகளையும் பின்னால் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிடலாம். தலையில் வைத்த எண்ணெய் காலரில் ஏறியிருந்தால் அந்த இடத்தில் வண்ணப்பொடியும் சாக்பீஸ் தூளும் ஒட்டிக்கொண்டு அகல மறுக்கும். அங்கே பாத்திரம் துலக்கும் திரவத்தை முதலில் தடவி எண்ணெயைப் போக்கிய பிறகே வண்ணத்தைக் கவனிக்க வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது சட்டையின் நடுவில் விழும் ஒற்றைத் தீற்றல். அடையாள அட்டையின் நாடாவும் டையும் தட்டில் தோய்ந்து திரும்பியதன் விளைவு அது. இரண்டையும் கழற்றிப் புத்தகப் பையில் போடச் சொல்லுங்கள். மேலங்கிக்குள் செருகுவது போதாது, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

அறிகுறி: மேலங்கி சுத்தமாக இருக்கிறது, சட்டையின் பொத்தான் பகுதியிலும் இடுப்பிலும் விரல் தடங்கள்

கறை வேலையின்போது படவில்லை, வேலை முடிந்த பின் பட்டிருக்கிறது. ஏறக்குறைய எல்லா வகுப்புகளிலும் மேலங்கியைக் கழற்றச் சொல்லிவிட்டுக் கை கழுவ அனுப்புகிறார்கள். வண்ணம் தோய்ந்த கையாலேயே குழந்தை அங்கியைக் கழற்றுகிறது, சட்டையை இழுத்துச் சரிசெய்கிறது, குழாயடியில் வரிசையில் நிற்கும்போது கையைப் பாவாடையில் துடைக்கிறது. முதலில் கை கழுவ வேண்டும். பிறகுதான் மேலங்கியைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது வண்ணம் பட்ட வெளிப்பக்கம் உள்ளே போகுமாறு புரட்டிக் கழற்ற வேண்டும். இந்த ஒரு வரிசை மாற்றத்துக்குக் காசு செலவில்லை, தையல் வேலையும் இல்லை. எனக்குத் தெரிந்த வழிகளில் மிக அதிகமாகப் பலன் தந்தது இதுதான்.

வேலையின் நடுவிலும் குழந்தைக்குக் கை துடைக்க ஏதாவது வேண்டும். கொடுக்காவிட்டால் அது சட்டையைத்தான் தேடும். பட்டறைகளில் எண்ணெய் துடைக்கக் கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட் துணி இதற்கு மிகப் பொருத்தம்: மென்மையானது, நன்றாக உறிஞ்சுவது, மலிவானது. நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்றை மேலங்கியின் இடுப்பில் ஊக்கு இல்லாமல் ஒரு துணி வளையத்தில் தொங்கவிடலாம்.

அறிகுறி: மார்பின் மேல் படம் அப்படியே தலைகீழ் அச்சாகப் பதிந்திருக்கிறது

ஈரமான ஓவியத்தை அம்மாவிடம் காட்ட நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறது குழந்தை. கோபப்பட மனம் வராத கறை இது. வகுப்பறையில் ஒரு கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கவிட்டு, மறுநாள் கொடுத்தனுப்புவதே வழி. மாலையில் கடைசி வகுப்பாக ஓவியத்தை வைப்பதைத் தவிர்க்கலாம். விளையாட்டுச் சீருடை அணியும் நாளில், உணவு இடைவேளைக்கு முந்தைய வகுப்பாக வைத்தால் தாளும் உலரும், வெள்ளைச் சட்டையும் தப்பும்.

அறிகுறி: எப்படித் துவைத்தாலும் போகாத, ரப்பர் போல் தடித்த கறை

இங்கே பிழை உடையில் இல்லை, வண்ணத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. போஸ்டர் கலரும் வாட்டர் கலரும் பசையால் கட்டப்பட்டவை. உலர்ந்த பிறகும் தண்ணீரில் பெரும்பாலும் இளகும். அக்ரிலிக் வண்ணத்தில் இருப்பது பிளாஸ்டிக் துகள்கள்; நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடுவதால் பிறகு தண்ணீருக்கு அசையாது. பேப்ரிக் கலர் என்பது துணியில் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. அதைத் துணியிலிருந்து போக்க முயல்வது எதிர்நீச்சல். இவை சட்டையில் பட்டால் ஈரமாக இருக்கும்போதே, அந்த நிமிடமே, துணியின் பின்புறத்திலிருந்து குழாய் நீரைப் பாய்ச்சி அலச வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலம் கடந்துவிடும்.

சிறு குழந்தைகளுக்கான வகுப்பில் இவ்விரண்டையும் அறவே விலக்கிவிடலாம் என்பது என் கருத்து. புட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், புதிதாக வாங்கிய ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பழைய வெள்ளைத் துணியில் பொட்டு வைத்து, ஒரு நாள் உலரவிட்டு, குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுத் துவைத்துப் பாருங்கள். ஒரே பெட்டியில் உள்ள நிறங்களே ஒன்றைப் போல் ஒன்று நடந்துகொள்வதில்லை.

அறிகுறி: மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவந்துவிட்டது

பதற வேண்டியதில்லை, ஆரத்தித் தட்டில் நடப்பதுதான் சட்டையிலும் நடந்திருக்கிறது. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் சுண்ணாம்பு, சோப்பு போன்ற காரப் பொருள்களைத் தொட்டால் சிவக்கும். வெண்டைக்காய் அச்சுக்கும் இலை வண்ணத்துக்கும் மஞ்சளை அரைத்துப் பயன்படுத்தும் நாள்களில் இதை எதிர்பார்க்கலாம். எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் அலசினால் சிவப்பு மீண்டும் மஞ்சளாகும். மீதமுள்ள மஞ்சள் சோப்பைவிட வெயிலுக்கே அதிகம் பணியும். ஈரத்தோடு நல்ல வெயிலில் உலர்த்தி, மீண்டும் அலசி, மீண்டும் உலர்த்தினால் படிப்படியாக வெளிறிவிடும். எலுமிச்சையோ வினிகரோ போட்ட துணியில் ஒருபோதும் பிளீச்சிங் திரவம் ஊற்றக் கூடாது. அவை சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

அறிகுறி: களிமண் கறை பிளீச்சுக்குப் பின் துருப்பிடித்த நிறமாகிவிட்டது

செம்மண்ணின் நிறமே இரும்பிலிருந்து வருவது. பிளீச் அந்த இரும்புக் கறையைப் போக்காது, இன்னும் உறுதிப்படுத்தும். ஈரக் களிமண்ணைத் துடைப்பதும் தவறு, ஏனெனில் துடைக்கத் துடைக்க அது நூலிழைகளுக்குள் ஏறும். முழுவதும் உலரவிட்டு, துணியைக் கசக்கி உதறி, பழைய பல்துலக்கியால் தட்டியபின் குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும். கோலப்பொடியும் ரங்கோலிப் பொடியும் இப்படியே: திறந்த வெளியில் உதறி முடிக்கும் வரை ஒரு துளி நீரும் படக் கூடாது.

அறிகுறி: மெழுகு வண்ணம் பட்ட ஒரு சட்டையால் வாளியில் இருந்த எல்லாத் துணியும் பாழ்

வெந்நீரில் ஊறவைத்ததன் பலன். க்ரேயானின் மெழுகு ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி வெப்பத்தில் உருகிப் பரவும். முதலில் பனிக்கட்டியை வைத்து மெழுகை இறுகச் செய்து, கரண்டியின் விளிம்பால் சுரண்டுங்கள். பிறகு கறையின் மேலும் கீழும் அச்சில்லாத வெற்றுத் தாளை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால், உருகும் மெழுகைத் தாள் உறிஞ்சும். தாளை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். மீந்த நிறத்துக்கும், ஆயில் பேஸ்டல் கறைக்கும், துணியை நனைக்கும் முன்பே பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தடவிக் கசக்கலாம்.

இஸ்திரி கறையைப் போக்கும் இடம் இது ஒன்றுதான். மற்ற எந்தக் கறையும் முழுதாக நீங்கும் முன் இஸ்திரி போட்டால் சூடு அதைத் துணியில் நிலைநிறுத்திவிடும். தெருமுனை இஸ்திரிக் கடைக்குத் துணியை அனுப்பும் முன் வெளிச்சத்தில் ஒரு முறை விரித்துப் பாருங்கள்.

பசைகளில் மைதாப் பசைக்குக் குளிர்ந்த நீர்தான் ஏற்றது. வெந்நீர் அதைத் துணியிலேயே வேகவைத்துவிடும். வெள்ளை ஒட்டுப்பசை உலர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மென்மையானதும் உரித்தெடுக்கலாம். அழியாத மார்க்கர் மைக்கு, கறையின் கீழ் பழந்துணியை வைத்து, ஆல்கஹால் கலந்த கை கிருமிநாசினியைத் துணியின் பின்புறத்திலிருந்து ஒற்றுவது பலன் தரும். அடுப்பின் அருகில் இதைச் செய்யாதீர்கள், கிருமிநாசினி எளிதில் தீப்பற்றும்.

அறிகுறி: சட்டையில் கறையே இல்லை, தாளிலும் ஏறக்குறைய எதுவும் இல்லை

தூரிகையின் கடைசி நுனியைப் பிடித்து, கையை உடலிலிருந்து விலக்கி, தாளின் ஒரு மூலையில் மட்டும் வரையும் குழந்தை சென்ற முறை வீட்டில் அடி வாங்கியிருக்கக்கூடும். அறிவுரை இங்கே உதவாது. மேலங்கியை மாட்டியதும், வேலை தொடங்கும் முன், ஆசிரியர் தன் விரலால் அதன் மேல் ஒரு பொட்டு வைத்து, குழந்தையையும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லலாம். வண்ணம் படத்தான் இந்தத் துணி என்பது அப்போது விளங்கிவிடும். வீட்டாருக்கு முந்தைய நாளே நாட்குறிப்பில் எழுதி, நாளை வண்ண வேலை, பழைய சட்டை ஒன்று தேவை என்று தெரிவித்தால் மாலை நேரச் சண்டையும் குறையும்.

அறிகுறி: வேலை தொடங்கும் முன்பே சட்டையில் புதிய கறை

குற்றவாளி மேலங்கியேதான். சென்ற வாரம் ஈரத்தோடு சுருட்டி வைக்கப்பட்டதில் வெளிப்பக்க வண்ணம் உட்புறம் ஊறியிருக்கும். அல்லது குழந்தை அதை உள்வெளி மாற்றி அணிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் விரித்து உலர்த்தி, பையில் திணிக்காமல் ஆணியில் மாட்டி வையுங்கள். உட்புறக் கழுத்தில் சிவப்பு நூலால் ஒரு பெரிய புள்ளி தைத்து, புள்ளி முதுகைத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால், எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் சரியாக அணியும்.